அசையாமல் படு

எம்.ஆர்.ஐ எடுக்கப் போகிற பிள்ளைக்கு முன்கூட்டியே என்ன சொல்லிக் குடுக்கிறது? சில நாடுகளில் ஆஸ்பத்திரியிலேயே பொம்மை ஸ்கேனர் வைத்து விளையாடப் பழக்குகிறார்கள். மெஷினின் சத்தத்தை முதலே போட்டுக் காட்டுகிறார்கள். பிள்ளை பழகிவிட்டால் பலவேளை மயக்க மருந்தே தேவைப்படாது. சொல்லிக் குடுக்கிற விஷயம் இரண்டுதான்: பெரிய சத்தம் வரும், நிற்கும்வரை அசையாமல் படுத்திருக்க வேணும்.

இது எங்கட ஊருக்குப் புதுப் பாடமில்லை. எங்கள் அம்மா அப்பாமார் சின்ன வயதில் படித்ததும் இதுதானே. ஹெலிச் சத்தம் கேட்டால் பங்கருக்குள் ஓடு, ஓட நேரமில்லையெண்டால் குப்புறப் படு, தலையைத் தூக்காதே. ஒரு வித்தியாசம், ஸ்கேன் சத்தம் ஒருவரையும் கொல்லாது. ஆனால் அதைப் பிள்ளைக்குச் சொல்ல வேண்டியவர், அந்தப் பழைய பாடத்தை உடம்பில் வைத்திருக்கிறவர்.

யாழ்ப்பாணப் பெரியாஸ்பத்திரியின் எக்ஸ்ரேப் பகுதிக்கும் ஒரு கதை இருக்கு. 1987 ஒக்ரோபர் 21, தீபாவளி நாள். கோட்டைப் பக்கமிருந்து வந்த இந்திய அமைதிப்படை ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தது. தாதிமார், ஊழியர்கள், நோயாளிகள் என்று பலர் கதிரியக்கப் பகுதிக்குள் ஒதுங்கியிருந்தார்கள். அதற்குள்ளும் சுட்டார்கள், கிரனேட் எறிந்தார்கள். தப்பியவர்கள் இரவு முழுக்கப் பிணங்களுக்கிடையில் அசையாமல் கிடந்துதான் தப்பினார்கள். இருமினாலும் முனகினாலும் சூடு விழும் என்ற நிலை. இரண்டு நாளிலும் அறுபதுக்கு மேற்பட்டவர்கள் கொல்லப்பட்டார்கள், அதில் 21 பேர் ஆஸ்பத்திரி ஊழியர்கள்.

அடுத்த நாள் காலை குழந்தை வைத்திய நிபுணர் சிவபாதசுந்தரம் மூன்று தாதிமாரோடு கைகளை உயர்த்திக்கொண்டு, நாங்கள் வைத்தியர்கள் என்று சத்தமாகச் சொன்னபடியே நடந்து வந்தார். அவரைச் சுட்டுக் கொன்றார்கள். உள்ளே அகப்பட்டிருந்த குழந்தைகளைக் காப்பாற்றத்தான் அவர் வந்தார் என்று 'முறிந்த பனை' பதிவு செய்கிறது. புலிகள் ஆயுதங்களோடு ஆஸ்பத்திரிக்குள் வந்ததையும், வைத்தியர்கள் அவர்களை வெளியேறச் சொன்னதையும் அதே நூல் மறைக்காமல் சொல்கிறது. அந்த நேர்மைக்காகவே எங்கள் வயதுக்காரர் அதை ஒருக்கா வாசிக்க வேணும். அதை எழுதிய நால்வரில் ஒருவரான ராஜினி திராணகம 1989 செப்டெம்பர் 21 சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் மருத்துவ பீடத்தில் உடற்கூற்றியல் படிப்பித்தவர்.

கொல்லப்பட்ட ஊழியர்களை ஆஸ்பத்திரியில் ஒவ்வொரு ஒக்ரோபர் 21உம் நினைவுகூருகிறார்கள். பிள்ளை படங்களைப் பார்த்து "ஆர் இவை?" என்று கேட்டால் என்ன சொல்வது என்பதற்குப் பொம்மை ஸ்கேனர் எதுவும் இல்லை.

திரும்பவும் எம்.ஆர்.ஐ. அது பெரிய காந்தம். அதனால் பிள்ளையின் காப்பு, பஞ்சாயுதம், கிளிப் எல்லாம் கழற்றுவார்கள். பல இடங்களில் பெற்றோரில் ஒருவரைப் பிள்ளையோடு உள்ளே நிற்க விடுகிறார்கள். காலைப் பிடித்துக்கொண்டு நின்றாலே பிள்ளைக்குப் பாதிப் பயம் போய்விடும். ஆனால் உள்ளே விட முதல் அவரிடமும் கேள்வித்தாள் ஒன்றை நிரப்பச் சொல்வார்கள். உடம்பில் உலோகத் துண்டு ஏதும் இருக்கா என்பது அதில் ஒரு கேள்வி.

வேறு ஊர்களில் அந்தக் கேள்விக்கு யோசிக்காமல் 'இல்லை' போடுவார்கள். இங்கே முதுகிலோ தொடையிலோ எடுக்காமல் விட்ட ஷெல் துண்டோடு எத்தனையோ அம்மாமார் இருக்கினம். 'ஓம்' என்று போட்டால் கதவுக்கு வெளியே நிற்க வேண்டி வரலாம். பிள்ளை உள்ளே தனியப் படுத்திருக்கும்.