ஒரு நோயாளி, ஒரு கோப்பு: மின்னியல் சுகாதாரப் பதிவு கடந்து வந்த பாதை



'மருத்துவத்தில் தொழில்நுட்பம்' என்று கட்டுரைத் தலைப்பு வந்தால், நம்மில் பலர் உடனே ரோபோ செய்யும் அறுவை சிகிச்சையைப் பற்றி எழுதத் தொடங்கிவிடுகிறோம். ஆனால் பலதுறை மருந்தகத்துக்குப் போகும் ஒவ்வொரு முறையும் நாம் சந்திக்கும் தொழில்நுட்பம் வேறு. மருத்துவர் தம் கணினித் திரையில் பார்க்கிறாரே, அந்த நம் பதிவுதான் அது. அது எப்படி வந்தது? அதனால் நமக்கு என்ன நன்மை, என்ன ஆபத்து? கொஞ்சம் பின்னோக்கிப் போய்ப் பார்ப்போம், வாங்க.

நூறு ஆண்டுகளுக்கு முன்பு நோயாளிக்கென்று தனிக் கோப்பு இருப்பது வழக்கமில்லை. ஒவ்வொரு மருத்துவரும் தம் சொந்தப் பேரேட்டில் குறிப்பு எழுதி வைத்தார். நீங்கள் மூன்று மருத்துவர்களைப் பார்த்தால் உங்கள் கதை மூன்று பேரேடுகளில் சிதறிக் கிடக்கும். அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் ஹென்றி பிளம்மர் என்ற மருத்துவர் 1907-இல் இதை மாற்றினார். ஒரு நோயாளிக்கு ஓர் எண், ஓர் எண்ணுக்கு ஒரு கோப்பு என்ற முறையைக் கொண்டுவந்தார். எளிமையான மாற்றம்தான். ஆனால் இன்றைய மின்னியல் பதிவின் அடிப்படை இதுவே.

அடுத்த சிக்கல், கோப்புக்குள் இருப்பதைத் தேடி எடுப்பது. 1968-இல் லாரன்ஸ் வீட் என்ற அமெரிக்க மருத்துவர், குறிப்புகளை நோயாளியின் பிரச்சினைகள் வாரியாக அடுக்கி எழுத வேண்டும் என்று வாதிட்டார். 1972-இல் இண்டியானாபோலிஸ் நகரில் கிளெமெண்ட் மெக்டானல்டும் அவருடைய குழுவினரும் கணினிவழிப் பதிவு முறை ஒன்றைத் தொடங்கினார்கள். 'இந்த நோயாளிக்கு இந்தப் பரிசோதனை தேவை' என்று கணினி நினைவூட்டியபோது மருத்துவர்களின் கவனக்குறைவு குறைந்ததை மெக்டானல்டு ஆய்வு செய்து காட்டினார். தகவலைச் சேமித்து வைத்த பதிவு, இப்போது மருத்துவருக்கு நினைவூட்டவும் தொடங்கியது.

சரி, நம் வட்டாரத்துக்கு வருவோம். மலேசியாவில் 1999-இல் திறக்கப்பட்ட செலாயாங் மருத்துவமனை, காகிதமில்லா மருத்துவமனையாகவே திட்டமிடப்பட்டது. சிங்கப்பூரில் 2004-இல் இரண்டு பொது மருத்துவக் குழுமங்கள் தங்களுக்குள் நோயாளிப் பதிவுகளைப் பகிர்ந்துகொள்ளத் தொடங்கின. 2011-இல் தேசிய மின்னியல் சுகாதாரப் பதிவு வந்தது. 'ஒரு நோயாளி, ஒரு சுகாதாரப் பதிவு' என்பதே அதன் நோக்கம். 1907-ஆம் ஆண்டின் எண்ணம் ஒரு மருத்துவமனையைத் தாண்டி ஒரு நாட்டுக்கே விரிந்தது, பார்த்தீங்களா?

இதன் பயனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். மயங்கிய நிலையில் ஒரு முதியவர் அவசரப் பிரிவுக்குக் கொண்டுவரப்படுகிறார். அவரால் பேச முடியவில்லை. எந்த மருந்து அவருக்கு ஒவ்வாது என்பது பதிவில் இருந்தால், அந்த மருந்தைக் கொடுக்கும் தவற்றைத் தவிர்க்கலாம். வேறோர் இடத்தில் ஏற்கெனவே செய்த ரத்தப் பரிசோதனையைத் திரும்பச் செய்ய வேண்டிய அவசியமும் குறையும்.

ஆனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் குவித்தால், திருடனுக்கும் ஒரே இடம் போதும். 2018 ஜூன் 27 முதல் ஜூலை 4 வரை, சிங்ஹெல்த் குழுமத்தின் தரவுத்தளத்திலிருந்து சுமார் 15 லட்சம் நோயாளிகளின் பெயர், அடையாள அட்டை எண், முகவரி, பிறந்த தேதி போன்ற விவரங்கள் திருடப்பட்டன. அவர்களில் சுமார் 1,60,000 பேருக்குக் கொடுக்கப்பட்ட மருந்துகளின் விவரமும் போனது. அப்போதைய பிரதமர் லீ சியன் லூங்கின் தகவலும் அதில் அடங்கும். தேசிய மின்னியல் சுகாதாரப் பதிவு இதில் பாதிக்கப்படவில்லை. இந்த இரண்டையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். கட்டுரையில் எழுதும்போது கவனமாக இருங்க.

விசாரணைக் குழுவின் அறிக்கை 2019 ஜனவரியில் வெளியானது. தாக்கியவர்கள் திறமைசாலிகள் என்றாலும், தடுத்திருக்கக்கூடிய குறைகளும் இருந்தன என்று அது சொன்னது. பலவீனமான கடவுச்சொல், இணையப் பாதுகாப்பில் ஊழியர்களுக்குப் போதிய பயிற்சியின்மை, சந்தேகம் எழுந்தும் மேலிடத்துக்கு உடனே தெரிவிக்காத தயக்கம் ஆகியவை அவற்றுள் சில. அதே மாதம், தனிநபர் தகவல் பாதுகாப்பு ஆணையம் சிங்ஹெல்த்துக்கு 2,50,000 வெள்ளியும், அதன் தகவல் தொழில்நுட்பத்தைக் கவனித்த நிறுவனத்துக்கு 7,50,000 வெள்ளியும் அபராதம் விதித்தது. எல்லா மருத்துவ நிலையங்களும் தேசியப் பதிவுக்குத் தகவல் தருவதைக் கட்டாயமாக்கும் திட்டமும் அப்போது தள்ளிப்போடப்பட்டது.

இங்கேதான் மாணவர்கள் சிந்திக்க வேண்டும். திருடப்பட்ட கடவுச்சொல்லை மாற்றலாம். பிறந்த தேதியையோ நோய் வரலாற்றையோ மாற்ற முடியுமா? தகவல் கசியும் என்ற பயத்தில் ஒருவர் மருத்துவரிடம் உண்மையை மறைத்தால், எவ்வளவு நவீனமான கணினி இருந்தும் பதிவு பொய்யாகிவிடும். அப்படியென்றால் பதிவே வேண்டாமா? அதுவும் சரியில்லை. காகிதக் கோப்பும் தொலைந்திருக்கிறது. அதை யார் புரட்டினார்கள் என்ற தடயமே இருக்காது. மின்னியல் பதிவிலோ யார், எப்போது திறந்தார் என்பதைப் பதிந்து வைக்கலாம், தணிக்கை செய்யலாம்.

ஆகவே 'நன்மையா தீமையா' என்று ஒரு பக்கம் மட்டும் சாயாமல், 'யார் பார்க்கலாம், எதற்காகப் பார்க்கலாம், மீறினால் என்ன தண்டனை' என்ற மூன்று கேள்விகளை வைத்து உங்கள் கட்டுரையை அமையுங்கள். ஆசிரியர்களே, வகுப்பில் இதையே விவாதமாக நடத்தலாம். ஒரு குழு அவசரப் பிரிவு மருத்துவராகவும், இன்னொரு குழு தகவல் திருடப்பட்ட நோயாளியாகவும் பேசட்டும். பிறகு குழுக்களை இடம் மாற்றிப் பேசச் சொல்லுங்கள். இருபது நிமிடத்தில் கட்டுரைக்குத் தேவையான கருத்துகள் மாணவர்களின் வாயிலிருந்தே வந்துவிடும்.