கோட்டைக்குப்பமும் பழவேற்காடு ஏரியும்: நிலக்காட்சியும் வரலாறும்

கோட்டைக்குப்பம், திருவள்ளூர் மாவட்டம் பொன்னேரி வட்டத்தில் பழவேற்காடு ஏரியின் தென்முனையில் உள்ள மீனவர் ஊர். சென்னைக்கு வடக்கே ஏறத்தாழ 55 கிலோமீட்டர் தொலைவில், பழவேற்காடு ஊரை அடுத்து அமைந்துள்ளது. புதுச்சேரியை ஒட்டி விழுப்புரம் மாவட்டத்தில் உள்ள கோட்டக்குப்பம் வேறு ஊர். பெயர் ஒற்றுமையால் இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

பழவேற்காட்டுக்கு வருவோர் ஏரி, பறவைகள், டச்சுக் கல்லறைகள், கலங்கரை விளக்கம் ஆகியவற்றைத் தனித்தனிக் காட்சிகளாகப் பார்த்துச் செல்கின்றனர். ஆனால் இவை அனைத்தும் ஏரி கடலோடு கலக்கும் முகத்துவாரத்தோடு தொடர்புடையவை. அந்த வாய் திறப்பதும் மணல் மூடி அடைபடுவதுமே இங்குள்ள நீரையும் மீனையும் பறவையையும் மனிதர் வாழ்வையும் தீர்மானித்து வந்துள்ளன.

பெயரும் அமைவிடமும்

'குப்பம்' என்பது மீனவர் குடியிருப்பைக் குறிக்கும் சொல். ஊர்ப்பெயரின் முற்பகுதி, பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் கட்டிய கோட்டையை நினைவூட்டுகிறது. கோட்டை இன்று செடிகொடிகள் மூடிய மேடாகிவிட்டது. அகழியின் தடமும் சில கட்டுமானச் சிதைவுகளுமே எஞ்சியுள்ளன. பழவேற்காடு என்ற பெயரைப் பழமையான வேலங்காடு என்று விளக்குவது வழக்கம். ஐரோப்பியர் நாவில் இது 'புலிக்காட்' ஆனது.

ஏரி தமிழ்நாட்டிலும் ஆந்திரப் பிரதேசத்திலும் பரவியுள்ளது. பெரும்பகுதி ஆந்திரத்தைச் சேர்ந்தது. ஒடிசாவின் சிலிகா ஏரிக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர்க் காயல் இது. வடக்குத் தெற்காக ஏறத்தாழ 60 கிலோமீட்டர் நீளம் கொண்டது. ஏரிக்கும் வங்காள விரிகுடாவுக்கும் இடையே ஸ்ரீஹரிகோட்டா என்னும் நீண்ட மணல் தீவு கிடக்கிறது. தெற்கே ஆரணி ஆறும், வடமேற்கே காளங்கி ஆறும், வடக்கே சுவர்ணமுகி ஆற்றின் கிளையும் ஏரிக்கு நன்னீர் கொண்டுவருகின்றன.

சங்க இலக்கியம் நெய்தல் நிலத்தைப் பாடும்போது கழி, கானல், எக்கர் என்ற சொற்களை ஆளுகிறது. கழி என்பது கடலையொட்டிய உப்பங்கழி, கானல் என்பது கடற்கரைச் சோலை, எக்கர் என்பது மணல் மேடு. இம்மூன்றையும் ஒரே இடத்தில் காண விரும்பும் மாணவருக்குப் பழவேற்காடு ஏற்ற இடம்.

முகத்துவாரமும் ஏரியின் இயல்பும்

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் ஆறுகள் பெருகி ஏரி நிறையும். அப்போது ஏரிநீர் ஏறக்குறைய நன்னீராகிவிடும். நீரின் அழுத்தத்தால் முகத்துவாரம் அகன்று திறக்கும். மழை ஓய்ந்து கோடை முற்றும்போது ஆற்றுநீர் நின்றுபோகும். அலைகள் கொண்டுவரும் மணல் வாயை அடைக்கத் தொடங்கும். வாய் அடைபட்டால் ஏரிக்குள் தேங்கிய நீர் வெயிலில் வற்றி, கடல்நீரைவிடவும் உப்பு மிகுந்துவிடும். ஏரியின் பரப்பும் பருவத்துக்குப் பருவம் பெரிதும் மாறும்.

வெள்ளை இறால், வரி இறால் ஆகியவை கடலில் முட்டையிடுகின்றன. குஞ்சுகள் ஏற்றத்தில் முகத்துவாரம் வழியே ஏரிக்குள் வந்து, உணவும் பாதுகாப்பும் உள்ள ஆழமற்ற நீரில் வளர்கின்றன. வளர்ந்தபின் வற்றத்தில் மீண்டும் கடலுக்குத் திரும்புகின்றன. வாய் அடைபட்ட ஆண்டில் குஞ்சு உள்ளே வராது. மறு பருவத்தில் வலையும் நிறையாது. மடவை, கொடுவா போன்ற மீன்களுக்கும் சேற்று நண்டுக்கும் கடலோடு உள்ள இந்தத் தொடர்பு இன்றியமையாதது.

துறைமுக வரலாறு

பழவேற்காட்டின் வணிகம் ஐரோப்பியர் வருகைக்கு முந்தையது. அரபு வழி வந்த முஸ்லிம் வணிகர்களும் தமிழ், தெலுங்கு வணிகர்களும் இங்கிருந்து தென்கிழக்கு ஆசியாவுக்குத் துணி ஏற்றுமதி செய்தனர். விசயநகர ஆட்சியில் இது முதன்மைத் துறைமுகங்களுள் ஒன்றாக இருந்தது. ஊரிலுள்ள ஆதிநாராயணப் பெருமாள் கோயிலும் பழமையான பள்ளிவாசல்களும் அக்காலச் செழிப்பின் எச்சங்கள். 16ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் வந்தனர். இங்குள்ள மகிமை மாதா தேவாலயத்தின் தொடக்கம் அவர்கள் காலத்தது.

டச்சு கிழக்கிந்தியக் கம்பெனி 1610இல் இங்கு வணிகக் கிடங்கு அமைத்தது. 1612இல் சாந்தோமிலிருந்து வந்த போர்த்துகீசியர் அதைத் தாக்கினர். அடுத்த ஆண்டே, 1613இல், டச்சுக்காரர்கள் கோட்டையைக் கட்டி முடித்து 'கெல்ட்ரியா' எனப் பெயரிட்டனர். நெதர்லாந்தின் கெல்டர்லாந்து மாகாணத்தின் பெயர் அது. சோழமண்டலக் கரையின் டச்சுத் தலைமையிடமாகப் பழவேற்காடு பல பத்தாண்டுகள் விளங்கியது. 1690இல் தலைமை நாகப்பட்டினத்துக்கு மாறியது.

ஏரியின் வாய் ஆழமற்றது. எனவே பெரிய கப்பல்கள் கடலிலேயே நங்கூரமிட்டன. சரக்கும் மனிதரும் சிறு படகுகளில் ஏற்றி இறக்கப்பட்டனர். ஐரோப்பியக் கம்பெனியின் வணிகமும் இந்த மணல் வாயையும் உள்ளூர்ப் படகோட்டிகளின் திறமையையும் சார்ந்தே நடந்தது.

இங்கிருந்து சென்ற முதன்மைச் சரக்கு துணி. சோழமண்டலத் துணியைக் கொடுத்து மொலுக்குத் தீவுகளில் கிராம்பும் சாதிக்காயும் வாங்கினர் டச்சுக்காரர்கள். மலாய் மொழியில் கட்டம் போட்ட கைலிக்கு இன்றும் வழங்கும் 'பெலிக்காட்' என்ற பெயர் இந்த ஊர்ப்பெயரே. வெடிமருந்துத் தொழிற்சாலை ஒன்றும் கோட்டையைச் சார்ந்து இயங்கியது.

இந்த வரலாற்றுக்கு இருண்ட பக்கமும் உண்டு. 17ஆம் நூற்றாண்டில் போரும் பஞ்சமும் நேர்ந்த ஆண்டுகளில், அடிமைகளாக வாங்கப்பட்ட ஆயிரக்கணக்கான மக்கள் இக்கரையிலிருந்து பத்தாவியாவுக்கு, அதாவது இன்றைய ஜகார்த்தாவுக்கு, கப்பலேற்றப்பட்டனர். கம்பெனி அலுவலர்களின் கல்லறைகள் பெயரோடும் ஆண்டோடும் இங்கு நிற்கின்றன. அடிமைகளாக அனுப்பப்பட்டவர்களுக்கு இக்கரையில் நினைவுக்கல் இல்லை.

1784 உடன்படிக்கையில் நாகப்பட்டினம் ஆங்கிலேயருக்குப் போனபின் டச்சுக்காரர்களுக்குப் பழவேற்காடே மீண்டும் தலைமையிடமானது. 1795இல் ஆங்கிலேயர் அதைக் கைப்பற்றினர். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கோட்டை இடிக்கப்பட்டது. 1818இல் ஊர் டச்சுக்காரர்களிடம் திரும்பி, 1824 ஆங்கில-டச்சு உடன்படிக்கையின்படி 1825இல் இறுதியாக ஆங்கிலேயருக்குச் சென்றது. அதற்குள் சென்னை பெருநகராக வளர்ந்துவிட்டது. பழவேற்காடு மீன்பிடி ஊராகச் சுருங்கியது.

பாடு முறை

கோட்டைக்குப்பத்தின் வரலாற்றில் கோட்டையைவிட நிலைத்து நின்றது 'பாடு' எனப்படும் மீன்பிடி ஒழுங்குமுறை. கோட்டைக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம், ஆண்டிக்குப்பம் ஆகிய மூன்று ஊர்களும் முகத்துவாரத்தை ஒட்டிய நீர்ப்பரப்பை இம்முறையில் பகிர்ந்துகொண்டன.

வற்றத்தில் கடலுக்குத் திரும்பும் இறால் குறுகிய வாயின் வழியேதான் போக வேண்டும். அங்கே கழி நட்டுச் சுத்து வலை கட்டுபவருக்கு நல்ல பாடு கிடைக்கும். அத்தகைய இடங்கள் சிலவே. எல்லோரும் ஒரே நாளில் வலை கட்டினால் சண்டைதான் மிஞ்சும். ஆகவே நீர்ப்பரப்பைப் பாடுகளாகப் பிரித்து, எந்த நாளில் எந்த ஊர், எந்த ஊரில் யார் யார் என்பதை முறை வைத்தும் சீட்டுக் குலுக்கியும் முடிவு செய்தனர். இன்று நல்ல இடம் கிடைத்தவருக்கு அடுத்த முறை சுமாரான இடம் வாய்க்கலாம். ஆண்டு முழுவதும் கூட்டிப் பார்த்தால் வாய்ப்பு ஏறக்குறைய சமமாகிவிடும். மீறியவரை ஊர்ப் பஞ்சாயத்து விசாரித்துத் தண்டம் விதித்தது.

இது நியாயமான ஏற்பாடு. ஆனால் எல்லோருக்குமான ஏற்பாடு அன்று. பாட்டில் இடம் பெற்றோர் பட்டினவர் சமூகத்தில் தலைக்கட்டாகக் கணக்கில் உள்ள ஆண்கள் மட்டுமே. பெண்கள் மீன் விற்றனர், ஆனால் தலைக்கட்டாக எண்ணப்படவில்லை. சேற்றில் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர்களும் பிற சமூகத்தினரும் முறைக்கு வெளியே நின்றனர். இறால் ஏற்றுமதிப் பொருளாகி விலை உயர்ந்தபோது இந்த எல்லை பூசல்களுக்கும் காரணமாயிற்று.

மத்தியதரைக் கடலோரத்தில் ஓர் இணை

ஸ்பெயினில் வலென்சியா நகருக்குத் தெற்கே அல்புஃபேரா என்னும் காயல் உள்ளது. அதற்கும் கடலுக்கும் இடையே பைன் மரங்கள் வளர்ந்த மணல் திட்டு நிற்கிறது. 1986 முதல் அது பாதுகாக்கப்பட்ட இயற்கைப் பூங்கா. மத்தியதரைக் கடற்கரையில் பயணிகள் விரும்பிப் பார்க்கும் காட்சிகளுள் ஒன்று.

அங்கே எல் பால்மார் என்ற ஊரின் மீனவர்கள் ஆண்டுதோறும் கூடி, வலை கட்டும் இடங்களைச் சீட்டுக் குலுக்கிப் பிரித்துக்கொள்கின்றனர். அவர்களது உரிமை 13ஆம் நூற்றாண்டில் அரசர் முதலாம் ஜாய்மே காலத்திலிருந்து தொடர்வது. அங்கும் உரிமை தந்தையிடமிருந்து மகனுக்கே சென்றது. பெண்கள் வழக்குத் தொடுத்து, 1990களின் இறுதியில் தங்களுக்குச் சாதகமான தீர்ப்பைப் பெற்றனர்.

ஒன்றையொன்று அறியாத இரண்டு கரைகளில் ஒரே சிக்கலுக்கு ஒரே தீர்வு தோன்றியுள்ளது. மீன் வரும் வழி குறுகியது, பிடிப்பவர் பலர் என்ற நிலையில் சீட்டும் முறையும் பொதுச் சொத்தைக் காத்தன. வேறுபாடு ஒன்று உண்டு. அல்புஃபேரா கடலோடு சேரும் கால்வாய்களில் மதகுகள் அமைக்கப்பட்டு, நெல் வயல்களின் தேவைக்கேற்ப நீர் நிறுத்தப்படுகிறது. முன்பு உவர்ப்பாக இருந்த அந்தக் காயல் இன்று பெரும்பாலும் நன்னீர் ஏரி. பழவேற்காடு இன்னும் கடலோடு கலந்து வாழும் ஏரி.

பார்க்கத்தக்க இடங்கள்

டச்சுக் கல்லறைத் தோட்டம்: கோட்டை மேட்டுக்கு அருகில் உள்ளது. இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. நுழைவாயிலில் கல்லில் செதுக்கிய எலும்புக்கூட்டு உருவங்கள் இரண்டு நிற்கின்றன. வாழ்வின் நிலையாமையை உணர்த்துவது அக்கால ஐரோப்பியக் கலை மரபு. 17ஆம் நூற்றாண்டு டச்சு மொழிக் கல்வெட்டுகளை இங்கே காணலாம்.

பள்ளிவாசல்களும் பனையோலையும்: ஊரின் பழைய தெருக்களில் முஸ்லிம் வணிகர் காலத்து வீடுகளும் பள்ளிவாசல்களும் உள்ளன. முஸ்லிம் பெண்கள் பனையோலையில் கூடைகளும் பெட்டிகளும் முடைகின்றனர்.

கலங்கரை விளக்கமும் கடற்கரையும்: ஏரியைக் கடந்து கிழக்கே சென்றால் கலங்கரை விளக்கமும் மீனவர் குப்பங்களும் திறந்த கடலும் வரும். ஒரு பக்கம் அலையடிக்கும் கடல், மறுபக்கம் அசையாத ஏரி என்று இரண்டையும் ஒருசேரக் காணலாம்.

பறவைகள்: ஆந்திரப் பகுதி 1976இலும் தமிழ்நாட்டுப் பகுதி 1980இலும் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டன. நவம்பர் முதல் பிப்ரவரி வரை பூநாரைகள் கூட்டமாக வரும். அவை ஆழமற்ற நீரில் நடந்து அலகால் சேற்றை அரித்து இரை தேடும். ஆகவே ஏரியின் ஆழம் கூடினாலும் முற்றிலும் வற்றினாலும் அவை அங்கே தங்கா. அண்ணாமலைச்சேரி கரையிலும், சூளூர்ப்பேட்டையிலிருந்து ஸ்ரீஹரிகோட்டா செல்லும் சாலையின் இருபுறமும் இவற்றைப் பார்க்கலாம். சூளூர்ப்பேட்டைக்கு வடக்கே நேலப்பட்டில் கூழைக்கடாக்கள் கூடு கட்டுகின்றன.

பக்கிங்காம் கால்வாய்: 1806இல் சென்னைக்கும் எண்ணூருக்கும் இடையே தொடங்கிய நீர்வழி பின்னர் பழவேற்காடு ஏரி வரை நீண்டது. 1878இல் ஆளுநர் பக்கிங்காம் பெயர் சூட்டப்பட்டது. விறகும் உப்பும் ஏற்றிய படகுகள் ஒருகாலத்தில் இவ்வழியே சென்னைக்குச் சென்றன.

இன்றைய நிலை

இக்கரையில் ஓராண்டின் மொத்தக் கணக்கில் மணல் தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நகர்கிறது. வழியில் துறைமுக அலைத்தடுப்புச் சுவர் எழுந்தால், அதன் தெற்கே மணல் சேரும், வடக்கே கரை அரிக்கும். சென்னைத் துறைமுகம் கட்டியபின் இராயபுரம் கரையில் நேர்ந்தது இதுவே. பழவேற்காட்டுக்குத் தெற்கே எண்ணூர், காட்டுப்பள்ளி துறைமுகங்கள் உள்ளன. காட்டுப்பள்ளி விரிவாக்கத் திட்டத்தை இப்பகுதி மீனவர்கள் எதிர்ப்பதற்கு இந்த மணல் கணக்கும் முதன்மைக் காரணம். முகத்துவாரம் அடைபடுவதைத் தடுக்கக் கற்சுவர் அமைக்க வேண்டும் என்பதும் மீனவர்களின் நெடுநாள் கோரிக்கையாக இருந்து வந்தது.

ஸ்ரீஹரிகோட்டாவில் 1971 முதல் ஏவூர்திகள் செலுத்தப்படுகின்றன. அத்தீவில் வாழ்ந்த ஏனாதிப் பழங்குடியினரும் பிறரும் ஏவுதளத்துக்காக இடம்பெயர்க்கப்பட்டனர். அதே வேளையில், ஆள் நடமாட்டம் கட்டுப்படுத்தப்பட்டதால் தீவின் காடு பெருமளவு தப்பியது. காப்பும் இழப்பும் ஒரே முடிவின் இரு விளைவுகள்.

பயணிகள் கவனத்துக்கு

2011 டிசம்பர் 25 அன்று இங்கே சுற்றுலாப் படகு கவிழ்ந்து 22 பேர் உயிரிழந்தனர். அதன்பின் படகுப் பயணத்துக்குக் கட்டுப்பாடுகள் வந்தன. ஏரி ஆழமற்றதாகத் தோன்றினாலும் முகத்துவாரத்தில் நீரோட்டம் வலியது. அனுமதியும் மிதவை அங்கியும் இல்லாத படகில் ஏறுவது ஆபத்து. நட்டு வைத்த கழிகளையும் வலைகளையும் தொடக் கூடாது. அவை யாரோ ஒருவர் தம் முறைக்காகக் காத்திருந்து கட்டியவை.

நானூறு ஆண்டுகளில் இங்கே மூன்று ஐரோப்பிய அரசுகளின் கொடி பறந்து இறங்கியது. கோட்டை மண்மேடானது. கோட்டையின் பெயரைச் சுமந்த குப்பம் இன்றும் வலை கட்டுகிறது. அது தொடர வேண்டுமானால், ஏரியின் வாய் திறந்திருக்க வேண்டும்.