மருந்தாய்ப் பிறந்த மயக்கம்

மலேரியாவுக்கு மருந்து தேடிய இந்திய இரசாயன அறிஞர் இருவர், காக்கரும் சையது உசேன் சகீரும், 1951ஆம் ஆண்டில் மெத்தகுவலோன் என்னும் பொருளை ஆக்கினர். பின்னர் உறக்கம் தரும் மருந்தாகவே அது பெயர் பெற்றது. 1960களில் மேலைநாட்டு மருந்துக்கடைகளில் மாண்ட்ராக்ஸ் என விற்பனையாயிற்று. பழக்கம் பற்றிக்கொள்ளவே, பல நாடுகள் அதனை விலக்கின. வேட்கையோ விலகவில்லை, தென்னாப்பிரிக்கச் சந்தைக்கென இந்தியாவில் கள்ள ஆலைகள் முளைத்தன.

அபினிக்கு வயல் வேண்டும். வயலை மறைத்தல் எளிதன்று. 1857, 1878ஆம் ஆண்டுகளின் அபினிச் சட்டங்கள் அவ்வயலைக் காக்க எழுந்தவை (வருவாயைக் காக்க என்பதே பொருந்தும்). இம்மாத்திரைக்கோ பூட்டிய கொட்டகை ஒன்று போதும். பழஞ்சட்டங்களை நீக்கி 1985இல் இயற்றப்பெற்ற போதைப்பொருள் சட்டம் மனமயக்க மருந்துகளையும் தன் ஆட்சிக்குள் கொணர்ந்தது. மறு ஆண்டே போதைப்பொருள் கட்டுப்பாட்டுச் செயலகம் அமைந்தது.

எனினும் சிக்கல் மூலப்பொருளில் இருந்தது. அசெட்டிக் அன்ஹைடிரைடு மெத்தகுவலோனுக்கும் ஹெராயினுக்கும் உதவும், ஆஸ்பிரினுக்கும் உதவும். அறவே தடுத்தால் நோயாளி வருந்துவான். கட்டின்றி விட்டால் கள்ளன் கொழிப்பான். 1989ஆம் ஆண்டுத் திருத்தத்தையொட்டி 1993இல் பிறந்த ஆணை நடுவழி கண்டது: ஆக்குவோரும் விற்போரும் நாள்தோறும் கணக்கெழுத வேண்டும், சரக்கோடு சீட்டும் செல்லவேண்டும். துப்பாக்கியினும் இவ்வேட்டையே நாம் பெரிதாக மதிக்கிறோம்.

ஆயினும் 2016இல் உதயப்பூரில் வருவாய்ப் புலனாய்வு இயக்ககத்தார் 23 டன்னுக்கு மேற்பட்ட மாண்ட்ராக்ஸ் மாத்திரைகளைக் கைப்பற்றினர். மெத்தகுவலோன் பிறந்து அப்போது 65 ஆண்டுகள் ஆகியிருந்தன.