கால் எட்டாத தூரம்

ஆள் நடமாட்டமில்லாத வழியில் தனியாகப் போவது தமிழ்நாட்டில் பழைய வழக்கமல்ல. பாரவண்டிகள் ஐந்தும் பத்துமாகச் சேர்ந்துதான் இரவில் கிளம்பும். முன்வண்டிக்காரர் விழித்திருந்தால் பின்னால் வருபவர்கள் கண்ணயரலாம். அச்சு முறிந்தால் தூக்கிப்பிடிக்கப் பத்துக் கைகள் இருக்கும். ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி வரும் காவடிக்காரர்களும் கூட்டமாகவே நடந்தார்கள். வேலையின் பொருட்டுத் தனியே ஓட வேண்டியிருந்தவர் தபால் ரன்னர். அவருக்கும் சில மைல்கள்தான் பங்கு; அடுத்த சாவடியில் பை கைமாறிவிடும். கையில் சலங்கை கட்டிய ஈட்டி இருந்தது. புலி நடமாடும் காடுகளில் தீப்பந்தம் பிடிப்பவரையும் பறையடிப்பவரையும் சர்க்காரே துணைக்கு அனுப்பியதும் உண்டு. இந்த ஏற்பாடுகளுக்கெல்லாம் அடியில் ஒரே கணக்குத்தான் இருந்தது: போகும் இடம், அடிபட்டாலும் ஊர்ந்தாவது திரும்பக்கூடிய தொலைவில், அல்லது குரல் கேட்கும் தொலைவில் இருக்க வேண்டும்.

மோட்டார் சைக்கிள் அந்தக் கணக்கை மாற்றியது. குதிரை தானாக லாயத்துக்குத் திரும்பும். மாட்டுக்கும் வழி தெரியும். மோட்டார் சைக்கிளோ ஒரே ஆளை ஒரு மணி நேரத்தில், அவர் ஒரு நாள் முழுவதும் நடந்தாலும் திரும்ப முடியாத இடத்துக்குக் கொண்டுபோய் விட்டுவிட்டு நின்றுவிடக்கூடியது. கரடுமுரடான பாதையில் தனியே ஓட்டுவதன் ஆபத்து வேகத்தில் இருப்பதாகப் பலரும் நினைக்கிறார்கள். அது பாதி உண்மைதான்; மறுபாதி தூரத்தில் இருக்கிறது. நடந்து கிளம்பியவர் கால் சோர்ந்த இடத்தில் நின்றுவிடுவார். வண்டியில் போனவர் அதற்குள் பல மைல் தாண்டியிருப்பார்.

இந்தப் பாடத்தை உலகம் கொஞ்சம் கொஞ்சமாகவே படித்தது. அமெரிக்கரான கார்ல் ஸ்டேர்ன்ஸ் கிளான்சி 1912-13இல் ஹெண்டர்சன் வண்டியில் உலகைச் சுற்றினார். கூடப் புறப்பட்ட நண்பர் பாரிஸிலேயே விலகிக்கொள்ள, பெரும்பகுதியைத் தனியாகக் கடந்தார். அந்தப் பயணத்தில் இலங்கைச் சாலைகளும் அடக்கம். 1913இல் இங்கிலாந்தின் கார்லைல் நகரில் ‘ஆறு நாள் சோதனை’ என்ற சர்வதேசப் போட்டி தொடங்கியது. சேற்றிலும் மலையிலும் ஆறு நாள் ஓட்ட வேண்டும். வண்டி பழுதானால் ஓட்டுபவரே சரிசெய்ய வேண்டும். தனியே போகிறவருக்குக் கை வேலை தெரிந்திருக்க வேண்டும் என்பதைப் போட்டி விதியாக்கியது இது. 1948இல் இதே போட்டி இத்தாலியில் நடந்தபோது ராயல் என்ஃபீல்டின் புதிய புல்லட் இரண்டு தங்கப் பதக்கங்கள் வாங்கியது. பின்சக்கரத்துக்கு ஸ்பிரிங் வைத்த அந்த வண்டிதான் மறு ஆண்டு சென்னைக்கு வந்தது.

1949 முதல் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனம் புல்லட்டை இங்கே விற்றது. 1952இல் இந்திய ராணுவம் புல்லட் வண்டிகள் கேட்டது. எல்லைக் காவலுக்கு, அதாவது சாலையே இல்லாத இடத்தில் ஓட்டுவதற்கு. 1955இல் என்ஃபீல்டு இந்தியா உருவாகி, மறு ஆண்டு திருவொற்றியூர்த் தொழிற்சாலை திறந்தது; முதல் ஆண்டில் 163 வண்டிகள் வெளியே வந்தன. ராணுவத்தார் காவலுக்குத் தனி வண்டியில் போவது அரிது. பின்னால் லாரி உண்டு, வயர்லெஸ் உண்டு, வராதவரைத் தேட ஒரு படையே உண்டு. வண்டியைப் பொதுமக்கள் வாங்கினார்கள். கூட வந்த ஏற்பாடுகளை யாரும் விற்கவில்லை.

அந்த வண்டிகள் இப்போது போய்ச்சேரும் இடங்களில் ஒன்று, திருத்தணியிலிருந்து சோளிங்கர் போகும் சாலையில் இருக்கும் கே.ஜி.கண்டிகை வட்டாரம். ‘கண்டிகை’ என்று முடியும் ஊர்கள் இந்த வட்டாரம் முழுதும் உண்டு. ஆந்திர எல்லைக்கு அப்பால் அதே சொல் ‘கண்ட்ரிகா’ ஆகிறது. 1953இல் ஆந்திரம் பிரிந்தபோது திருத்தணிப் பகுதி அந்தப் பக்கம் போய், ம.பொ.சி.யும் மங்கலங்கிழாரும் முன்னின்ற எல்லைப் போராட்டத்துக்கும் படாஸ்கர் தீர்ப்புக்கும் பிறகு 1960 ஏப்ரல் 1 அன்று சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. கோடு காகிதத்தில் விழுந்தது. குன்றுகளும் ஓடைகளும் அதைப் பொருட்படுத்தவில்லை. வடக்கே நகரி, நாகலாபுரம் மலைகள். நகரி மலையின் மூக்குப் போன்ற முனையைக் கடலில் இருந்தே பார்த்து மாலுமிகள் திசை அறிந்தார்கள். சென்னையிலிருந்து விடிகாலையில் கிளம்பினால் காலைச் சிற்றுண்டிக்குள் வந்துவிடலாம் என்பதால், வார இறுதியில் மண்பாதை தேடும் மோட்டார் சைக்கிள்காரர்களுக்கு இந்தக் குன்றுகள் ஏற்ற இடமாகிவிட்டன.

இங்கே உண்மையான ஆஃப் ரோடு ஓட்டுநர்கள் வேறு. 1980இல் வந்த டிவிஎஸ் 50 மொபெட்டும் அதன் வாரிசான எக்ஸ்எல்லும்தான் ஏரிக்கரையிலும் வண்டித்தடத்திலும் பால் கேனையும் புல்லுக்கட்டையும் சுமக்கின்றன. ஹெல்மெட் இல்லை, முழங்கால் காப்பு இல்லை. ஆனாலும் அவர்கள் நிலைமை ஒரு விதத்தில் பத்திரமானது. வண்டி விழுந்தால் ஒரு கையால் தூக்கிவிடலாம். போகிற தடம் தினமும் போகிற தடம். பால்காரர் ஏழு மணிக்கு வரவில்லை என்றால் ஏழரைக்குக் கேள்வி கிளம்பிவிடும். 2016இல் வந்த ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் அப்படியல்ல. 21 அங்குல முன்சக்கரமும் 220 மில்லிமீட்டர் தரை இடைவெளியும் கல்லையும் பள்ளத்தையும் கடக்க உதவுகின்றன. ஆனால் எடை ஏறத்தாழ 190 கிலோ. சமதளத்தில், வெயிலேறாத வேளையில், நல்ல உடம்புள்ளவர் அதை நிமிர்த்திவிடுவார். சரிவில், மூன்றாவது முறை விழுந்தபின், கதை வேறு.

தனியே தொலைவதன் விலையை நேரில் அறிந்தவர் பிரான்ஸின் தியரி சபீன். 1977இல் அபிஜான் - நீஸ் பந்தயத்தில் மோட்டார் சைக்கிளில் போனவர் சஹாராவில் வழி தவறினார். சாவின் விளிம்பில் இருந்தவரை விமானத்தில் தேடி மீட்டார்கள். பிழைத்து வந்தவர் பாலைவனத்தை விட்டு ஓடவில்லை. 1978 டிசம்பர் 26 அன்று பாரிஸிலிருந்து டக்காருக்கு முதல் பந்தயத்தைக் கிளப்பினார். 182 வண்டிகள் புறப்பட்டு 74 மட்டுமே போய்ச் சேர்ந்தன. அந்த முதல் ஓட்டத்திலேயே ஒரு மோட்டார் சைக்கிள்காரர் இறந்தார். 1982இல் பிரிட்டிஷ் பிரதமரின் மகன் மார்க் தாட்சர் காரோடு காணாமல் போய் ஆறு நாள் கழித்தே கிடைத்தார். ஒரு நாட்டின் பிரதமர் வீட்டுப் பிள்ளைக்கே ஆறு நாள் ஆயிற்று என்றால் மற்றவர் கதி என்ன என்று கேட்காதவர் இல்லை. 1986 ஜனவரி 14 அன்று சபீனே பந்தயத்தின்போது மாலியில் ஹெலிகாப்டர் விழுந்து இறந்தார்.

காலப்போக்கில் டக்காரில் பாதுகாப்புக் கருவிகளும் விதிகளும் சேர்ந்தன. வண்டி எங்கே நிற்கிறது என்பதைச் செயற்கைக்கோள் வழியே கட்டுப்பாட்டு அறைக்குச் சொல்லும் கருவி வந்தது. விழுந்தவருக்காக நின்று உதவுகிறவர் இழக்கும் நேரம் அவருக்குத் திருப்பித் தரப்பட்டது. 2020 ஜனவரி 12 அன்று சவூதி அரேபியாவில் ஹீரோ அணியின் போர்த்துகீசிய வீரர் பாவ்லோ கொன்சால்வெஸ் விழுந்தபோது 10.08க்குத் தகவல் போய் 10.16க்கு ஹெலிகாப்டர் இறங்கிவிட்டது. அந்த எட்டு நிமிடம்கூட அவருக்குப் போதவில்லை. மறு ஆண்டு அதே அணியின் சி.எஸ்.சந்தோஷ், 2015இல் டக்காரை முடித்த முதல் இந்தியர், கடுமையாக விழுந்தார். ஹெலிகாப்டரில் ரியாத் மருத்துவமனைக்குக் கொண்டுபோய் மருந்தால் மயக்க நிலையில் வைத்துச் சிகிச்சை தந்தார்கள். அவர் பிழைத்து ஊர் திரும்பினார். உலகத்தின் மிக ஆபத்தான பந்தயம் என்று பேர் வாங்கியதில் ஓடுபவரைவிட, ஞாயிற்றுக்கிழமை யாரிடமும் சொல்லாமல் குன்றுக்குள் போகிறவர் தனியர்.

விழுகிறவருக்கு நடப்பது என்ன? பெரும்பாலும் விழுவது மெதுவாகத்தான். மணலில் முன்சக்கரம் புதைகிறது, வண்டி சாய்கிறது, கால் சைலன்சருக்கும் தரைக்கும் நடுவில் மாட்டுகிறது. இரண்டு பேர் இருந்தால் அரை நிமிட வேலை. தனியாள் என்றால் தோல் வெந்துகொண்டிருக்கும்போதே வண்டியைத் தள்ளப் பார்க்க வேண்டும். பல மணி நேரம் தசை நசுங்கிக் கிடந்தால் இன்னொரு ஆபத்து உண்டு: பாரத்தை நீக்கியவுடன் நைந்த தசையின் நச்சு ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைத் தாக்கும். 1941இல் லண்டன் குண்டுவீச்சில் இடிபாட்டுக்குள் சிக்கியவர்களிடம் பைவாட்டர்ஸ் என்ற மருத்துவர் இதை விவரித்தார். மீட்டபோது பேசிக்கொண்டிருந்தவர்கள் சில நாளில் இறந்திருந்தார்கள்.

திருத்தணிக்கென்று தனி எதிரி வெயில். கத்திரி நாட்களில் தமிழ்நாட்டின் மிகச் சூடான ஊர்கள் பட்டியலில் வேலூரோடு திருத்தணியும் தவறாமல் வரும். 40 டிகிரி தாண்டுவது அங்கே செய்தியே அல்ல. ஜாக்கெட்டும் ஹெல்மெட்டும் அணிந்து வண்டியைத் தூக்கிப் போராடுகிறவர் மணிக்கு ஒரு லிட்டருக்கும் மேல் வியர்வையாக இழக்கலாம். பையிலிருக்கும் இரண்டு பாட்டில் தண்ணீர் பஞ்சர் ஒட்டி முடிப்பதற்குள் காலியாகிவிடும். தண்ணீர் குறைந்ததும் முதலில் போவது நிதானம்: வந்த வழியே திரும்பாமல் குறுக்கு வழி என்று எதையோ நம்பி இறங்குவது அப்போதுதான். நிழலென்று பாறையடியில் உட்காரும் இடத்தில் கண்ணாடி விரியனோ சுருட்டை விரியனோ இருக்கலாம். கடித்தால் ஓடக்கூடாது, நடக்கக்கூடாது, ஆடாமல் அசையாமல் வாகனத்தில் போய்ச் சேர வேண்டும் என்பதே மருத்துவம் சொல்வது. தனியாளுக்கு அது முடியாத அறிவுரை.

ஐப்பசி, கார்த்திகையில் எதிரி வேறு. பள்ளிப்பட்டு வழியே வரும் கொசஸ்தலை ஆறு ஆண்டின் பெரும்பகுதி வெறும் மணல். ஆந்திரத்தின் கிருஷ்ணாபுரம் அணை நிரம்பித் திறந்தால் இங்கே வானம் வெளுத்திருக்கும்போதே தரைப்பாலங்கள் மூழ்கும். காலையில் சக்கரம் நனையாமல் கடந்த இடத்தில் மாலையில் இடுப்பளவு ஓட்டம். ஊர்க்காரர் கரையில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார். வெளியூர்க்காரருக்கு அந்தப் பாலத்தின் ஓரம் எங்கே முடிகிறது என்பதே தெரியாது.

உதவி கேட்கும் வசதி இப்போது இருக்கிறதே என்பார்கள். செயற்கைக்கோள் வழியே அபாய ஒலி பிடிக்கும் காஸ்பாஸ்-சார்சாட் அமைப்பு 1982 முதல் இயங்குகிறது. இந்தியாவுக்கான மையம் பெங்களூரில் இஸ்ரோவிடம் உள்ளது. வெளிநாடுகளில் தனி ஓட்டுநர்கள் உள்ளங்கையளவு செயற்கைக்கோள் கருவியை மார்பில் மாட்டிக்கொள்கிறார்கள். இந்தியாவில் அனுமதியில்லாமல் செயற்கைக்கோள் தொலைபேசி வைத்திருப்பது குற்றம். 2008 மும்பைத் தாக்குதலுக்குப் பின் கண்டிப்பு கூடியது. அப்படிப்பட்ட கருவியோடு வந்த வெளிநாட்டுப் பயணிகள் விமான நிலையத்திலேயே பிடிபட்டிருக்கிறார்கள். எஞ்சுவது கைப்பேசி. ஆந்திரத்தில் 2005இலும் தமிழ்நாட்டில் 2008இலும் தொடங்கிய 108 சேவை நெடுஞ்சாலையில் எத்தனையோ உயிர்களைக் காத்தது. ஆனால் குன்றின் மடிப்பில் கோபுரம் எட்டாது. எட்டினாலும் எல்லையோரத்தில் அழைப்பு எந்த மாநிலத்துக்குப் போய் விழும் என்று சொல்ல முடியாது. இடம் சொல்லத் தெரியாதவருக்கு ஆம்புலன்ஸ் எங்கே வரும்?

சட்டமும் ஒரு விதத்தில் சிக்கலைக் கூட்டுகிறது. காப்புக்காட்டுக்குள் அனுமதியின்றி நுழைவது குற்றம். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் மலையேற்றக்காரர்கள் 20க்கும் மேற்பட்டோர் மாண்டபின் தனி விதிகள் வந்தன. 2024இல் வனத்துறை வழிகாட்டியோடு செல்லும் 40 நடைப்பாதைகளைத் திறந்தது. திருவள்ளூர் மாவட்டத்தின் குடியம் குகைப் பாதை அவற்றில் ஒன்று. நடப்பவருக்கு ஒரு வாசல் திறந்தது, மோட்டார் சைக்கிளுக்கு இல்லை. காட்டைக் காக்க அது தேவையான கண்டிப்புதான். அதன் பக்கவிளைவு, ஓட்டுகிறவர் போகும் இடத்தை மறைக்கிறார் என்பது. வீட்டில் ‘கோயிலுக்கு’ என்கிறார், நண்பரிடம் ‘சும்மா ஒரு ரவுண்டு’ என்கிறார். இரவாகியும் வராதபோது தேடுபவர்கள் திருத்தணி மலைப்படி 365லும் ஏறிப் பார்ப்பார்கள். அவர் கிடக்கும் ஓடை நினைவுக்கே வராது.

காப்புக்காட்டுக்கு வெளியே மண்பாதைகளும் ஏரிக்கரைகளும் ஓட்டப் போதுமான அளவு இருக்கின்றன. அங்கே போகிறவரும் இரண்டாவது வண்டி ஒன்றைக் கூட்டிப்போகட்டும். ஆள் கிடைக்காவிட்டால், எந்த ஊர் வழியாகப் போகிறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம், எத்தனை மணி தாண்டினால் போலீஸுக்குச் சொல்ல வேண்டும் என்ற மூன்றையும் ஒரு தாளில் எழுதி வீட்டுக் கதவின் உள்பக்கம் ஒட்டிவிட்டுச் சாவியை எடுக்கட்டும்.