எஸ்.ஜி.ஓ.டி.: இதயம் வழியா வந்த கல்லீரல் நொதி

அயோத்தியாப்பட்டணத்துல ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டைப் பிரிச்சுப் பாத்தா, எஸ்.ஜி.ஓ.டி. 'கல்லீரல்' தலைப்புக்குக் கீழேதான் இருக்கும். அது கூடுதலா இருந்தா, "குடிப்பாரா?"ன்னுதான் முதல்ல கேப்பாங்க. ஆனால் இந்த நொதி மருத்துவத்துக்குள் நுழைந்தது இதயம் வழியாக.

1954-இல் நியூயார்க்கில் லாட்யூ, ரோப்ளூஸ்கி, கார்மன் மூவரும் 'சயின்ஸ்' இதழில் எழுதினார்கள்: மாரடைப்பு வந்தவர்களின் ரத்தத்தில் இந்த நொதி ஏறுகிறது. இதயத் தசையின் செல்களில் அது நிறைய உண்டு. செல் செத்தால் ரத்தத்தில் கசியும். ஈசிஜி தெளிவாக இல்லாதபோது, தசை செத்ததை ரத்தத்தில் அளக்க வழி பிறந்தது.

1955-லேயே கல்லீரல் நோயிலும் அது ஏறுவது தெரிந்துவிட்டது. கை கால் தசை நசுங்கினாலும் ஏறும். போதாக்குறைக்கு, மாரடைப்பு வந்து பல மணி நேரம் கழிச்சுத்தான் ஏறும். அதனால் பின்னால் வந்த சிகே-எம்பி, ட்ரோபோனின் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டன. எஸ்.ஜி.ஓ.டி. கல்லீரல் பட்டியலோடு தங்கிவிட்டது.

பழைய கதைதான், ஆனா இன்னைக்கும் உதவும். நெஞ்சுவலி வந்தவருக்கு எஸ்.ஜி.ஓ.டி. மட்டும் ஏறி, கல்லீரலில் அதிகமுள்ள எஸ்.ஜி.பி.டி. ஏறாமலிருந்தால், பழியைக் கல்லீரல் மேல் போட்டுவிடக் கூடாது. இரண்டும் மிக அதிகமாக ஏறினாலும், இதயம் தளர்ந்து கல்லீரலுக்கு ரத்தம் குறைந்திருக்கலாம்.

இந்த எண்ணுக்காகக் காத்திருக்கவும் வேண்டாம். நெஞ்சு வலிச்சா முதல்ல ஈசிஜி; அப்புறம்தான் மத்ததெல்லாம்.