ஆனைமலை மழைக்காட்டில் வழிகாட்டிகள்: காடர்களின் இடவறிவும் உரிமையும்

ஆய்வுச் சுருக்கம்

ஆனைமலை மழைக்காட்டுக்கு ஒருநாள் பயணமாகச் செல்வோரை இன்று அழைத்துச் செல்லும் பழங்குடி வழிகாட்டியின் பணி, சுற்றுலாவோடு தோன்றியதன்று. மரம் வெட்டுவோர், நில அளவையாளர், வேட்டையாடிகள், இனவரைவியலாளர், பறவையியலாளர் எனப் பலருக்கும் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாகக் காடர்கள் வழிகாட்டி வந்துள்ளனர். அவர்தம் இடவறிவு நெடுங்காலம் உழைப்பாக மட்டுமே கணிக்கப்பட்டதையும், 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்துக்குப் பின் அது உரிமைக்குரிய சான்றாக மாறியதையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: ஆனைமலை, காடர், வழிகாட்டி, இடவறிவு, வன உரிமை

முன்னுரை

பொள்ளாச்சியிலிருந்து காலையில் புறப்படும் பயணி, சேத்துமடைச் சோதனைச் சாவடியைக் கடந்து டாப்சிலிப்பை அடைகிறார். வனத்துறை ஊர்தியில் ஒரு சுற்று, கோழிகமுத்தி யானைகள் முகாம், வழிகாட்டியுடன் காட்டு நடை, மாலையில் மலையிறக்கம் என்பதே அப்பயணத்தின் பொதுவான அமைப்பு. அதே சாலை மேலும் நீண்டு, ஆனப்பாடி வழியாகக் கேரளத்தின் பறம்பிக்குளத்துக்குச் செல்கிறது. இப்பகுதியில் காடர், மலசர், மலைமலசர், எரவாளர், புலையர், முதுவர் ஆகிய சமூகத்தினர் வாழ்கின்றனர். இவர்களுள் காடர்களைப் பற்றிய எழுத்துப் பதிவுகள் தொடர்ச்சியாகக் கிடைப்பதால், இக்கட்டுரை அவர்களை மையமாகக் கொள்கிறது.

தேக்கும் தடமும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஆனைமலைத் தேக்கு பம்பாய்க் கப்பல் கட்டும் தளத்துக்குத் தேவைப்பட்டது. மலையுச்சியிலிருந்து மரங்களைச் சரிவில் உருட்டிவிட்ட இடமே டாப்சிலிப் என்ற பெயரைப் பெற்றது. 1856இல் சென்னை மாகாணத்தின் வனப் பாதுகாவலராகப் பொறுப்பேற்ற ஹியூ கிளெக்ஹார்ன், ஆனைமலையின் உயர்பகுதிகளுக்குப் பயணம் மேற்கொண்டு அதனைப் பதிவு செய்தார். அவரது காலத்துப் பதிவுகள் காடர்களைப் பற்றித் தரும் குறிப்பு ஒன்று கூர்ந்து நோக்கத்தக்கது. காடர்கள் தம்மை மலைக்குரியவர்களாகக் கருதினர். விலங்குகளின் தடமறிவதில் தேர்ந்திருந்தனர். துப்பாக்கியும் சுமையும் சுமந்து வந்தது ஒரு தயவாகவே. கூலி என்று அழைக்கப்பட்டால் பெரிதும் மனம் வருந்தினர் என்பது அக்குறிப்பின் சாரம்.

இக்குறிப்பு காடர்களின் இயல்பை வியக்கும் நோக்கில் எழுதப்பட்டது. ஆயினும் அதனுள் ஓர் உரிமைக் கோரிக்கை பொதிந்துள்ளது. வழிகாட்டுதலைக் காடர்கள் விருந்தினருக்குச் செய்யும் உதவியாகக் கருத, அரசு அதனைப் பணியாகக் கணக்கிட்டது. 1882ஆம் ஆண்டுச் சென்னை வனச் சட்டம் காப்புக்காடுகளை உருவாக்கியபோது, அரசின் கணக்கே சட்டமாயிற்று. தேன், மெழுகு, ஏலம் முதலியவற்றைச் சேகரிப்பது அரசும் ஒப்பந்தக்காரரும் வகுத்த ஏற்பாட்டுக்குள் அடங்கியது. 1890களில் வால்பாறைப் பீடபூமியில் தொடங்கிய தோட்டப் பயிர்கள் மழைக்காட்டைத் துண்டு துண்டாக்கின. விருந்தோம்பியவர்கள் தம் மலையிலேயே அனுமதி பெற்று வாழ்பவராயினர்.

நூல்களில் காடர்

1909இல் வெளிவந்த எட்கர் தர்ஸ்டனின் தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் பற்றிய ஏழு தொகுதிகள், காடர்களின் உடல் தோற்றம், பற்களைக் கூராக்கும் வழக்கம், மூங்கில் சீப்பு முதலியவற்றை விரிவாக எடுத்துரைக்கின்றன. அதே ஆண்டில் எல். கே. அனந்தகிருஷ்ண ஐயர் கொச்சிப் பழங்குடிகள் குறித்து எழுதினார். 1952இல் ஏரன்ஃபெல்ஸ் எழுதிய காடர் பற்றிய தனிநூலைச் சென்னைப் பல்கலைக்கழகம் வெளியிட்டது. இந்நூல்கள் இன்றும் தவிர்க்க இயலாத ஆதாரங்கள். எனினும், ஆய்வாளரை ஒரு குடியிருப்பிலிருந்து மற்றொன்றுக்கு அழைத்துச் சென்றவர் யார், ஓர் இடத்தின் பெயரையும் அதன் காரணத்தையும் சொன்னவர் யார் என்னும் வினாக்களுக்கு இத்தகைய நூல்களில் விடை காண்பது அரிது. காடர்கள் ஆய்வுப்பொருளாக நூலுக்குள் வந்தனர். தகவலின் உரிமையாளராக வரவில்லை.

காப்பகமும் பயணியும்

1976இல் ஆனைமலை வனவிலங்கு சரணாலயமும், 2007இல் புலிகள் காப்பகமும் அமைந்தன. மரத்துக்காக ஆளப்பட்ட காடு விலங்குக்காக ஆளப்படலாயிற்று. அதனோடு பயணிகளும் வந்தனர். தடமறியும் திறன் மீண்டும் தேவைப்பட்டது.

இருவாச்சிப் பறவை இதற்குத் தக்க சான்று. பெண் இருவாச்சி மரப்பொந்தினுள் புகுந்து வாயிலை அடைத்துக்கொள்ள, ஆண் பறவை வெளியிலிருந்து இரையூட்டும். ஆண்டுதோறும் அதே பொந்து பயன்படுவதுண்டு. எனவே கூட்டு மரங்களை அறிந்தவரின்றி இப்பறவையை ஆராய்வது கடினம். 1990களில் ஆனைமலையில் நிகழ்ந்த பெரும் இருவாச்சி ஆய்வில் காடர் உதவியாளர்கள் பங்கேற்றனர். கேரளத்தின் வாழச்சால் பகுதியில், முன்னர் குஞ்சுகளை எடுத்துவந்த காடர்களே பின்னர் கூடுகளின் காவலராயினர். இம்மாற்றம் பெரிதும் பாராட்டப்பட்டுள்ளது. ஆயினும் பாராட்டும் நாட்கூலியும் வாழிடத்தின் மீதான உரிமைக்கு ஈடாகா. ஒருநாள் பயணத்தில் வழிகாட்டி காட்டும் மரமும் ஓடையும், சட்டத்தின் பார்வையில் அவருடையவையாக இருக்கவில்லை.

அறிவு சான்றாதல்

2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் இந்நிலையில் அடிப்படையான மாற்றத்தை ஏற்படுத்தியது. சிறுவனப் பொருள்களின் மீதான உரிமையோடு, பல்லுயிர் வளம் தொடர்பான மரபறிவின் மீது சமூகத்துக்குள்ள உரிமையையும் அது ஏற்கிறது. சட்டத்தின் விதிகள் கோரிக்கைக்குரிய சான்றுகளாக அரசு ஆவணங்களை மட்டும் குறிப்பிடவில்லை. மூத்தோர் வாய்மொழியாகக் கூறி எழுத்தில் பதிவு செய்யப்பட்டவை, இடுகாடுகள், வழிபாட்டிடங்கள் ஆகியவையும் சான்றாகக் கொள்ளப்படுகின்றன. வழிகாட்டி பயணிக்குச் சொல்லும் இடக்கதையே கிராம சபையின் முன் சான்றாகும் தகுதியைப் பெற்றது.

2014இல் வாழச்சால் காடர்கள் சமூக வன உரிமையைப் பெற்றனர். தமிழகத்தில் கல்லார் காடர் குடியிருப்பின் வரலாறு மேலும் கூர்மையானது. 2019 ஆகஸ்டில் பெருமழையும் நிலச்சரிவும் அக்குடியிருப்பைச் சிதைத்தன. தோட்டத் தொழிலாளர் வீடுகளில் தங்கவைக்கப்பட்ட மக்கள், காட்டுக்குள் தெப்பக்குளமேட்டில் தமக்கு நிலம் வேண்டுமெனக் கோரினர். அவ்விடத்தைத் தெரிவு செய்தவர்கள் அவர்களே. புலிகள் காப்பகப் பகுதி என்பதால் கோரிக்கைக்கு எளிதில் இசைவு கிடைக்கவில்லை. தொடர் போராட்டத்துக்குப் பின் 2021இல் அங்கு நிலவுரிமை வழங்கப்பட்டது. எச்சரிவு நிலைக்கும், எங்கு நீர் கிடைக்கும் என்ற அறிவு, பிறருக்கு வழிகாட்டுவதற்கு மட்டுமின்றித் தம் வாழிடத்தை மீட்பதற்கும் பயன்பட்ட நிகழ்வு இது.

நிறைவுரை

தேக்கு, இனவரைவியல், சரணாலயம், சுற்றுலா என நோக்கங்கள் மாறியபோதும் முன்னே நடந்தவர்கள் மாறவில்லை. அவர்தம் இடவறிவை ஒவ்வொரு காலமும் பயன்படுத்திக்கொண்டது. அதனை உரிமையின் அடிப்படையாக ஏற்றது அண்மைக்காலச் சட்டமே. ஆனால் சட்டம் வாய்மொழியைச் சான்றாக ஏற்பினும், அது பதிவு செய்யப்பட்டாலன்றிப் பயன் தராது. மூத்தோர் மறையும்போது இடப்பெயர்களும் அவற்றோடு சான்றுகளும் மறைகின்றன. எனவே காட்டுப் பாதைகள், இடப்பெயர்கள், கைவிடப்பட்ட குடியிருப்புகள் ஆகியவற்றைக் காடர்களின் ஒப்புதலோடும், அவர்கள் விரும்பினால் சொன்னவரின் பெயரோடும் ஆவணப்படுத்துவது தமிழியல் ஆய்வின் உடனடிக் கடமையாகும். அவ்வாவணம் ஆய்வேட்டோடு நின்றுவிடாமல், அந்தந்தக் கிராம சபையின் கைக்கும் சென்று சேர வேண்டும்.