ஏல் பய்யா: ஒளியா, அழகா?

ஜனவரி 6 நெருங்கினால் போதும், அன்று சீரோ மலபார் கிறித்தவர் பாடும் சுரியானிப் பாட்டுக்கு ‘ஏல் பய்யா என்றால் கடவுள் ஒளி’ என்ற விளக்கம் மறுபடி கிளம்பிவிடுகிறது. பிரசங்கத்தில் சொல்கிறார்கள், விழா மலரிலும் அச்சாகிறது. சுரியானி அகராதியை ஒருமுறை புரட்டியவர் இப்படிச் சொல்ல மாட்டார்.

சுரியானியில் ஒளிக்குச் சொல் ‘நூஹ்ரா’. பய்யா அதன் பக்கத்தில்கூட வராது. ‘பாயா’ என்றொரு சுரியானிச் சொல் உண்டு. அழகான, தகுதியான, பாங்கான என்பவை அதன் பொருள். பய்யா அதுவே. ‘ஏல்’ என்பது இம்மானுவேல், கபிரியேல் என்ற பெயர்களில் நாம் அறிந்த ஏல்தான். ஆக, பாட்டு சொல்வது ‘கடவுள் அழகர்’. தமிழ்க் காது பய்யாவைப் ‘பையா’ என்று கேட்டுக் குழந்தை இயேசுவைக் காணத் துடிக்கும். அதற்கு மறுப்பே வேண்டியதில்லை.

ஒளி எங்கிருந்து வந்து ஒட்டியது? திருநாளின் பெயரிலிருந்து. மூணாறிலும் கொழிஞ்சாம்பாறையிலும் உள்ள தமிழ் இலத்தீன் கத்தோலிக்கருக்கு இது திருக்காட்சிப் பெருவிழா. இடுக்கி மலைகளிலும் பாலக்காட்டு மலையோரத்திலும் குடியேறிய சீரோ மலபார் சபையாருக்குத் ‘தனஹா’. தனஹா என்றால் உதயம். அதே வேரில் பிறந்த ‘மதன்ஹா’ கிழக்கைக் குறிக்கும். நம் கிழக்கு ‘கீழ்’ என்னும் நில மட்டத்திலிருந்து வந்தது. அவர்கள் கிழக்கு சூரியனிடமிருந்து வந்தது.

மேற்குச் சபைக்கு இந்நாளில் ஞானியரின் வருகை முதன்மை. கிழக்குச் சபைக்கு யோர்தானில் இயேசு பெற்ற திருமுழுக்கே முதன்மை. கேரளத்தின் பாலாப் பக்கத்தார் இந்நாளை ‘ராக்குளி’ என்பது அதனால்தான். இரா, குளி இரண்டும் நம் சொற்களே. உடலைக் குளிர்வித்தலே குளித்தல் ஆயிற்று என்று நம்மவர் சொல்லும் கதை இங்கே உதவாது. முத்துக்குளித்தலில் குளிர்ச்சி ஏது? பழைய இலக்கியத்தில் அம்பும் மார்பில் குளிக்கும். குளி என்றால் மூழ்கு, உள்ளே புகு. யோர்தான் முழுக்குக்கு இதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்காது.

திருச்சூர் வழக்கில் பெயர் ‘பிண்டிகுத்தி’. பிண்டி என்றதும் குறிஞ்சிப்பாட்டின் அசோகும், அருகன் அமரும் மரநிழலும் நமக்கு நினைவு வரும். மலையாளத்தில் அது வாழைத்தண்டு. ‘குத்தி’ என்பது நட்டு நிறுத்தியது. நம் குத்துக்கல்லில் நிற்கும் குத்துதான். வாசலில் தண்டை நட்டு, குருத்தோலை கட்டி, குச்சிகளைச் செருகி அவற்றின்மேல் திரிவிளக்கு ஏற்றுவார்கள். பிறகு வீட்டார் சுற்றி வந்து ஏல் பய்யா பாடுவார்கள். இரண்டே சொல், திரும்பத் திரும்ப.

கோயிலுக்குள் இசை காலத்தைக் காட்டும் விதம் வேறு. குர்பானா என்னும் திருப்பலியில் ‘லாகு மாரா’ என்ற பாடல் ஆண்டு முழுதும் மாறாது. ‘ஓனீசா’ என்னும் பாடல்களே காலத்துக்கேற்ப மாறித் தனஹாவை அறிவிக்கும். 1962-இல் குர்பானா மலையாளத்துக்கு வந்ததும் அந்தப் பாடல்களும் மொழி மாறின. ஏல் பய்யா மட்டும் சுரியானியாகவே வாசலில் நின்றுவிட்டது. பொருள் தெரியாமல் பாடப்பட்ட சொல்லுக்கு, திருநாளின் பெயரோடு எதிரே எரிந்த விளக்கையும் பார்த்தே பொருள் சொல்லியிருக்கிறார்கள் என்பது என் துணிபு.

அழகு என்ற பொருள் இத்திருநாளுக்குக் குறைவானது என்று எண்ணுகிறவர்கள் நம் நூல்களைப் பார்க்கட்டும். திருமுருகாற்றுப்படை எழுஞாயிற்றில் தொடங்குகிறது. அங்கே தோன்றும் இறைவன் பெயரிலுள்ள ‘முருகு’ அழகு. திருக்கோவையார் உரையில் பேராசிரியர், கண்டவர் விரும்பும் தன்மையே ‘திரு’ என்று பொருள் கண்டார். அந்தத் திருதான் திருக்காட்சியில் இருக்கிறது. உதயமும் அழகும் இறைவன் தோற்றமும் ஒன்றாக நிற்கும் இடம் தமிழுக்குப் புதிதல்ல. உதயத்தைத் தனஹா சொல்லிவிட்டது. பாட்டு அதையே திருப்பிச் சொல்ல வேண்டியதில்லை. தோன்றியவரின் அழகை அது பாடுகிறது. பய்யாவுக்கு ஒளி என்ற பொருளை நான் ஒருநாளும் ஏற்கமாட்டேன்.